ஒரு நாள், ஒரு கோச்: விண்ட்சரா, பாத்தா, ஆக்ஸ்ஃபர்டா?

லண்டனுக்கு உறவினர் யார் வந்தாலும் நாலாவது நாள் அந்தக் கேள்வி வந்துவிடும். பிக் பென் பார்த்தாயிற்று, டவர் பிரிட்ஜில் நடந்தாயிற்று, அரண்மனை வாசலில் நின்று படம் எடுத்தாயிற்று. “ஊருக்கு வெளியே ஒரு நாள் போயிட்டு வரலாம்னு இருக்கோம். எந்த டூர் எடுக்கலாம், சொல்லும்மா.” இங்கே வந்த ஒன்பது ஆண்டுகளில் மாமனார் மாமியாரோடு, கல்லூரித் தோழியின் குடும்பத்தோடு, போன கோடையில் அம்மா அப்பாவோடு என்று இந்த ஒருநாள் கோச் பயணங்களில் பலமுறை போயிருக்கிறேன். எத்தனை மணிக்கு ஏறினோம், எத்தனை மணிக்கு இறங்கினோம் என்று ஒரு சின்னக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கோச் என்று நான் சொல்வது ஊர் விட்டு ஊர் போகும் உயரமான வண்டியை. இங்கே பஸ் என்றால் ஊருக்குள் ஓடுவது மட்டும்தான். சுற்றுலாக் கோச்சுகளில் பெரும்பாலானவை விக்டோரியா பக்கத்திலிருந்து காலை எட்டு மணி வாக்கில் கிளம்பும், இரவு ஏழு அல்லது எட்டு மணிக்குத் திரும்பும். ஆக மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

விளம்பரங்களைப் பார்த்தால் தலை சுற்றும். அலசிப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்தே வகைதான். கோட்டை இருக்கும் விண்ட்சர், பழங்காலத்துப் பெருங்கற்கள் வட்டமாக நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச், ரோமானியக் குளியல் கூடம் இருக்கும் பாத் நகரம் மூன்றும் சேர்ந்தது ஒன்று. ஆக்ஸ்ஃபர்டு, காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள், ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு சேர்ந்தது இன்னொன்று. இதிலேயே சிலர் வாரிக் கோட்டையையும் சேர்த்து நான்காக்கி விடுகிறார்கள். விண்ட்சரை விட்டுவிட்டு ஸ்டோன்ஹெஞ்ச்சும் பாத்தும் மட்டும் போவது மூன்றாவது. ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் ஒரே நாளில் என்பது நான்காவது. தென்கிழக்கே கேன்டர்பரி, டோவர், லீட்ஸ் கோட்டை என்று போவது ஐந்தாவது.

கையிலிருக்கும் பணத்துக்கு அதிக ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் நம் மனம் கணக்குப் போடும். மூன்று ஊர் டூரும் இரண்டு ஊர் டூரும் ஏறக்குறைய ஒரே விலை என்றால் கை தானாக மூன்றை நோக்கிப் போகும். என் குறிப்பேடு வேறு கணக்குச் சொல்கிறது. விண்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத் போன நாளில் வண்டியில் உட்கார்ந்திருந்தது ஆறரை மணி நேரத்துக்கும் மேல். மூன்று இடத்திலும் சேர்த்துத் தரையில் நின்றது ஐந்து மணி நேரம்கூட இல்லை. அதிலும் கழிப்பறை வரிசை, டிக்கெட் வரிசை, எல்லாரும் இறங்கி முடிக்கும் நேரம் எல்லாம் போக மிஞ்சியது மூன்றரை மணி இருக்கலாம். ஆகவே நான் எல்லாரிடமும் கேட்கச் சொல்வது இரண்டு கேள்விகள். இந்த டூரில் என் கால் எத்தனை மணி நேரம் தரையில் இருக்கும்? இந்த ஊருக்கு லண்டனிலிருந்து நேரே ரயில் இருக்கிறதா? ரயில் இருக்கும் ஊரைக் கோச்சில் போய்ப் பார்ப்பது, என் அனுபவத்தில், பெரும்பாலும் நஷ்டம். கோச்சின் பெருமையே ரயில் எட்டாத இடத்துக்கு நம்மைக் கொண்டுபோய் இறக்குவதுதான்.

இதை வைத்துப் பார்த்தால் விண்ட்சர் முதலில் கழன்றுவிடும். மட்டமான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். வெற்றிவீரர் வில்லியம் 11ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை, இன்றும் அரச குடும்பம் வசிக்கும் வீடு. எட்டாம் ஹென்றியும் இரண்டாம் எலிசபெத்தும் அடங்கியிருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் உள்ளேயே இருக்கிறது. புது டெல்லியை வடிவமைத்த லட்யன்ஸ்தான் மேரி அரசிக்காக அங்கே ஒரு பொம்மை வீட்டையும் செய்து கொடுத்தார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் எல்லாமே. இதையெல்லாம் நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். டூரில் கொடுப்பது ஒன்றரை மணி. விமான நிலையத்தில் போல் பையைச் சோதித்து உள்ளே விடவே இருபது நிமிடம் போய்விடும். எங்கள் மாமாவுக்கு முழங்கால் வலி. மேட்டில் ஏறிப் போய்ச் சேர்ந்து, ஒரு கூடத்தைப் பார்த்து முடிக்கும் முன்பே திரும்பி நடக்க வேண்டியதாயிற்று. லண்டனின் வாட்டர்லூ நிலையத்திலிருந்து விண்ட்சருக்கு நேரே ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரப் பயணம். இறங்கினால் கோட்டைச் சுவர் கண்ணெதிரே. அரை நாளில் அலுங்காமல் போய் வந்துவிடலாம்.

இன்னொன்று, விண்ட்சர் கோட்டை செவ்வாயும் புதனும் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குள் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், வழிபாட்டுக்கு மட்டும்தான். தோழி குடும்பத்தோடு போனது ஒரு புதன்கிழமை. டிக்கெட் விற்றவர்கள் இதைப் பெரிய எழுத்தில் சொல்லவில்லை. வெளியே நின்று மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். குழந்தைகள் இருவரும் அரசரின் வீட்டுக்குள் போகப் போகிறோம் என்று முதல் நாள் இரவெல்லாம் தூங்காமல் இருந்தவர்கள். அந்த முகங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

ஸ்டோன்ஹெஞ்ச் அப்படி இல்லை. அருகிலுள்ள ரயில் நிலையம் சால்ஸ்பரியில். வாட்டர்லூவிலிருந்து அங்கே ஒன்றரை மணி நேரம், அப்புறம் தனி பஸ் பிடித்து அரை மணி. அந்த நகரத்தின் பேராலயத்தையும் பார்ப்பதாக இருந்தால் அதுவும் நல்ல வழிதான். 123 மீட்டர் உயரக் கூம்பு, பிரிட்டனிலேயே உயரமானது. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனப் பிரதிகளில் மிஞ்சியிருக்கும் நான்கில் ஒன்றும் அங்கே இருக்கிறது. கற்கள்தான் முக்கியம் என்றால் கோச் சிறந்தது.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது, கோச் நிற்கும் இடத்தில் கற்கள் இருக்காது. 2013இல் திறந்த வரவேற்பு மையத்துக்கும் கற்களுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் சிறு பஸ் ஓடுகிறது. டூரில் ஒன்றரை மணி கொடுத்தால் கற்களைச் சுற்றி நடக்க நாற்பது நிமிடம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் கடைக்கும் கண்காட்சிக்கும் போகாமல் நேரே சிறு பஸ்ஸில் ஏறிவிடுவது நல்லது. மிச்ச நேரம் இருந்தால் கண்காட்சி.

சிலருக்கு ஸ்டோன்ஹெஞ்ச் ஏமாற்றம் தருகிறது, அதையும் சொல்ல வேண்டும். கற்களைத் தொட முடியாது. தாழ்வான கயிறு கட்டிய பாதையில் சுற்றி வர வேண்டியதுதான். காற்று ஓயாமல் அடிக்கும். ஜூலை மாதத்திலும் அம்மா சால்வையைக் கழற்றவில்லை. “கல்லைத் தொட்டுக் கும்பிட விடமாட்டாங்களா?” என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா பேசவே இல்லை. உயரமான ஒற்றைக் கல் ஒன்றின் உச்சியைச் சுட்டிக் காட்டினார். அங்கே ஒரு குமிழ் புடைத்துக்கொண்டு நிற்கிறது. மேலே படுக்கை வசத்தில் இருந்த கல் என்றோ விழுந்துவிட்டது. அந்தக் கல்லில் குழி தோண்டி, இந்தக் குமிழ் அதற்குள் உட்காரும்படி செய்திருக்கிறார்கள். கட்டில் காலில் சட்டத்தைப் பொருத்தத் தச்சர் செய்யும் அதே வேலை, கல்லில். பெரிய கற்கள் ஒவ்வொன்றும் சராசரியாக 25 டன். ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முன்னால், கையில் இரும்பு இல்லாத மனிதர்கள் வேறு கல்லால் இடித்து இடித்தே அந்தக் குமிழைச் செதுக்கினார்கள். சிறிய நீலக் கற்கள் வேல்ஸின் பிரெசெலி மலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தவை. நடுவில் படுத்திருக்கும் கல் ஸ்காட்லாந்தின் வடக்கிலிருந்து வந்திருக்கிறது என்று 2024இல் கண்டுபிடித்தார்கள். இதையெல்லாம் போகும் வழியில் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் நாற்பது நிமிடம் போதாது என்று தோன்றும். படிக்காமல் போனால் பத்தே நிமிடத்தில் சலித்துவிடும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பாத் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பாத்துக்கு ரயில் இருக்கிறது, பாடிங்டனிலிருந்து ஒன்றரை மணிதான். என் கேள்வியின்படி பாத்தும் கழல வேண்டும். ஆனாலும் ஸ்டோன்ஹெஞ்ச் வரை போன கோச்சுக்கு அடுத்து நிற்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. காலையில் வெட்டவெளி, மதியத்துக்கு மேல் நகரம். காற்றில் விறைத்துப்போன உடம்புக்கு வெந்நீர் ஊற்று. அந்த வரிசையே ஒரு சுகம்.

பாத்தின் வீடுகள் எல்லாம் ஒரே நிறக் கல், தேன் நிறம். சாயங்கால வெயில் பட்டால் ஊரே மஞ்சள் பூசிக்கொண்டது போல் இருக்கும். 30 வீடுகளைப் பிறை வடிவில் சேர்த்துக் கட்டிய ராயல் கிரெசென்ட் 1767இலிருந்து 1774 வரை எழும்பியது. அதற்கு ஊர் நடுவிலிருந்து மேடேறிப் போக வேண்டும். நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு ரோமானியக் குளியல் கூடத்துக்கே போகச் சொல்வேன்.

நாள்தோறும் பத்து லட்சம் லிட்டருக்கு மேல், 46 டிகிரி வெப்பத்தில், பூமிக்குள்ளிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. பெரிய குளத்தின் அடியில் ரோமானியர் விரித்த 45 ஈயத் தகடுகள் இன்னும் கிடக்கின்றன. தண்ணீர் பச்சையாக இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கூரை இல்லாததால் வெயில் பட்டுப் பாசி வளர்கிறது, அவ்வளவுதான். எனக்குப் பெரிய குளத்தைவிடப் பிடித்தது உள்ளே ஒரு மூலையில் இருக்கும் வடிகால். ரோமானியர் கட்டிய வளைவுக்குக் கீழே மிச்ச நீர் ஆவி பறக்க விழுந்து ஓடுகிறது. இரும்புச் சத்து படிந்து படிந்து அந்தக் கல் முழுவதும் செம்மஞ்சள். கிட்டே போய் நின்றால் சூடு முகத்தில் அடிக்கும், சுவர் வியர்த்திருக்கும். கற்களைத் தொட முடியவில்லை என்று குறைப்பட்ட அம்மா இங்கே அரை மணி நேரம் நின்றார்.

சூலிஸ் மினர்வா என்ற தெய்வத்துக்கு மக்கள் எழுதிப் போட்ட ஈயத் தகடுகளையும் அங்கே வைத்திருக்கிறார்கள். ஊற்றுக்குள்ளிருந்து 130 வரை கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை திருட்டுப் புகார். டோசிமெடிஸ் என்ற ஒருவர் கையுறை இரண்டைப் பறிகொடுத்திருக்கிறார். எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று எழுதிச் சுருட்டிப் போட்டிருக்கிறார். நான் படித்துச் சொன்னதும் அம்மா, “நம்ம பக்கம் கோயில்ல காசு வெட்டிப் போடுவாங்களே, அதேதான்” என்றார். சரியாகத்தான் சொன்னார். சுற்றி முடித்து வெளியே வரும் இடத்தில் அந்த ஊற்று நீரைக் குடித்துப் பார்க்கத் தருகிறார்கள். வெதுவெதுப்பாக, ஆணியைச் சப்பியது போல் ஒரு சுவை. அப்பா இரண்டாவது குவளையும் வாங்கிக் குடித்தார்.

மூன்று ஊர் டூரில் பாத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி இருபது நிமிடம். குளியல் கூடமா சாப்பாடா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. இரண்டு ஊர் டூரில் இரண்டே முக்கால் மணி. குளியல் கூடம், அதற்குப் பக்கத்திலேயே ஏணியில் தேவதைகள் ஏறி இறங்கும் சிற்பம் வைத்த ஆலய முகப்பு, இருபுறமும் கடைகள் வைத்துக் கட்டிய புல்ட்னி பாலம், ஒரு தேநீர், எல்லாமே ஓடாமல் முடிந்தது.

அடுத்தது ஆக்ஸ்ஃபர்டு, காட்ஸ்வோல்ட்ஸ், ஸ்ட்ராட்ஃபோர்டு. இதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு, காரணத்தைச் சொல்கிறேன். அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆக்ஸ்ஃபர்டு என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, ஜி.யு. போப்பின் கல்லறை. திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், 1908இல் காலமாகி அங்கேயே அடக்கமானவர். டூர் அறிவிப்பில் ஆக்ஸ்ஃபர்டுக்கு ஒன்றரை மணி என்று போட்டிருந்தது. நெரிசலில் கோச் தாமதமாகி அது ஒரு மணியாகக் குறைந்தது. அதிலும் நாற்பது நிமிடம் வழிகாட்டியின் பின்னால் நடை. ராட்கிளிஃப் கேமரா என்ற நூலகக் கட்டடத்தின் வட்டக் கூரையை வெளியே நின்று பார்த்தோம், பாட்லியன் நூலக வாசலில் படம் எடுத்தோம், வண்டிக்கு ஓடினோம். கல்லறை இருக்கும் இடம் கோச் எங்களை இறக்கிவிட்ட செயின்ட் கைல்ஸ் தெருவிலிருந்து பத்து நிமிட நடைதான். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பத்து நாள் கழித்து ரயிலில் போனோம். பாடிங்டனிலிருந்து ஒரு மணி நேரம். வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம், மரமும் புல்லுமாக அமைதியான இடம். போப் தன் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று எழுதச் சொன்னார் என்று நம் மேடைகளில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. இருப்பது அதைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றியது: அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவின் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்ற செய்தி. அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு அங்கிருந்த பலகையில் உட்கார்ந்து திருவாசகத்திலிருந்து இரண்டு பாட்டு மெதுவாகச் சொன்னார். அன்று எங்களை யாரும் வண்டிக்குக் கூப்பிடவில்லை.

ஆகவே ஆக்ஸ்ஃபர்டைக் கோச் டூரில் பார்க்காதீர்கள். அதற்கென்று ஒரு நாள் கொடுங்கள். ரயில் கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் விக்டோரியாவிலிருந்து நாள் முழுக்க ஓடும் சாதாரணக் கோச்சும் இருக்கிறது.

அதே டூரில் கோச்சுக்கு நியாயம் செய்வது காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள்தான். பர்டன்-ஆன்-தி-வாட்டருக்கு ரயில் இல்லை. விண்ட்ரஷ் ஆறு ஊர் நடுவே கணுக்கால் ஆழத்தில் ஓடுகிறது, மேலே குட்டிக் குட்டிக் கல் பாலங்கள். அந்த ஊரையே ஒன்பதில் ஒரு பங்கு அளவில் கல்லில் கட்டி 1937இல் திறந்த மாதிரிக் கிராமமும் அங்கே இருக்கிறது. குழந்தைகள் அதைவிட்டு வரமாட்டார்கள். பைபரியில் ஆர்லிங்டன் ரோ வீடுகள் 14ஆம் நூற்றாண்டில் கம்பளி சேர்த்து வைக்கக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியவை. இந்தப் பக்கத்துச் செழிப்பெல்லாம் ஆட்டு ரோமத்தில் வந்தது. அந்தப் பணத்தில் எழும்பிய தேவாலயங்கள் ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெரியவை. கிராமங்களை மட்டும் நாலைந்தாகச் சுற்றிக் காட்டும் கோச் டூர் தனியாகவே இருக்கிறது. எல்லா ஊரிலும் நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம் என்று நிற்பார்கள். கிராமத்துக்கு அந்த நேரம் போதும். வயதானவர்களுக்கும் சுகம், ஏறும் மேடு குறைவு.

ஸ்ட்ராட்ஃபோர்டு லண்டனிலிருந்து 160 கிலோமீட்டர். ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டின் மரச் சட்டங்களையும் அவர் அடங்கியிருக்கும் தேவாலயத்தையும் பார்க்க வேண்டும் என்று உள்ளூர ஆசை இருப்பவர்கள் அங்கேயே ஒரு இரவு தங்கி, மாலையில் ஒரு நாடகமும் பார்க்க வேண்டும். பிறந்த வீட்டுத் தோட்டத்தில் தாகூருக்குச் சிலை இருக்கிறது. அதைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அதற்கு மேல் அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் ஒரே நாளில் என்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மட்டும் இரண்டு மணி நேரப் பயணம். கேம்பிரிட்ஜுக்குக் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் 50 நிமிடம். கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் விசிறிக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி அரை மணி உட்காரலாம், படகில் போகலாம். ராமானுஜன் 1914இல் வந்து சேர்ந்து, 1918இல் ஃபெலோவான டிரினிட்டி கல்லூரி அங்கேதான். அவருடைய தொலைந்த நோட்டுப் புத்தகம் 1976இல் வெளிப்பட்டதும் அந்தக் கல்லூரி நூலகத்தில்தான். இதை ஒரு மணி நேரத்தில் முடிக்க நினைக்காதீர்கள்.

கேன்டர்பரி, டோவர் டூர் இரண்டாவது முறை இங்கிலாந்து வருகிறவர்களுக்கு. 1170இல் பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்ட பேராலயமும், கடலோரம் நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளும் அருமைதான். லீட்ஸ் கோட்டை என்பதைப் பார்த்து வடக்கே இருக்கும் லீட்ஸ் நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். இது கென்ட் மாவட்டத்தில், மெய்ட்ஸ்டன் பக்கம்.

போகும் மாதமும் தேர்வை மாற்றும். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், எதை எடுத்தாலும் பரவாயில்லை. டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும். கிராமமும் வெட்டவெளியும் அப்போது வீண். குளிர்காலத்தில் வருகிறவர்கள் ஸ்டோன்ஹெஞ்ச்சைக் காலையிலேயே காட்டும் டூராகப் பார்த்து எடுங்கள். பாத் இருட்டிலும் அழகு; ஆவி பறக்கும் வெந்நீரைக் குளிர்காலத்தில் பார்ப்பதே தனி.

பணம் கட்டும் முன் விசாரிக்க வேண்டியதில் முதலாவது, நுழைவுச் சீட்டு விலைக்குள் அடக்கமா என்பது. ஸ்டோன்ஹெஞ்ச்சுக்கும் ரோமானியக் குளியல் கூடத்துக்கும் ஆளுக்கு 20 பவுண்டுக்கு மேல், விண்ட்சருக்கு 30 பவுண்டுக்கு மேல். மலிவாகத் தெரியும் டூர் பெரும்பாலும் சீட்டு சேராத டூர். அப்புறம், ஒவ்வொரு ஊரிலும் எத்தனை நிமிடம் என்று எழுத்தில் கேளுங்கள். கோச்சில் கழிப்பறை திறந்திருக்குமா என்றும் கேளுங்கள். எங்களுக்கு ஒருமுறை கழிப்பறை இருந்தும் பூட்டியே கிடந்தது. சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

“இன்னும் பத்து நிமிஷம் நிக்கக் கூடாதா?” என்று ஓட்டுநரிடம் கேட்டுப் பயனில்லை. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும், சாதாரணமாக ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம். வண்டியும் மணிக்கு 100 கிலோமீட்டரோடு கட்டுப்படுத்தப்பட்டது, விட்ட நேரத்தை விரட்டிப் பிடிக்க முடியாது. ஆகவே சொன்ன நேரத்துக்கு வராதவரை விட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். பாத்தில் விட்டுப் போனால் ரயில் ஏறி வந்துவிடலாம். கிராமத்தில் விட்டால் சிரமம்.

சூடான சாப்பாட்டை வண்டிக்குள் அனுமதிப்பதில்லை. எலுமிச்சைச் சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு போய் ஸ்டோன்ஹெஞ்ச் வரவேற்பு மையத்துக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டோம். பாத்தில் உணவகம் தேடும் அரை மணி நேரம் மிஞ்சியது.

ஒரே ஒரு நாள்தான், முதல் முறை, கூட வயதானவர்கள் என்றால் என் பதில் ஸ்டோன்ஹெஞ்ச்சும் பாத்தும் மட்டும் போகும் டூர். சின்னக் குழந்தைகள் கூட இருந்தால் காட்ஸ்வோல்ட்ஸ் கிராம டூர். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் ஒன்றைக் கோச்சுக்கும் இன்னொன்றை ரயிலில் ஆக்ஸ்ஃபர்டுக்கும் கொடுங்கள். விண்ட்சரை எஞ்சிய ஒரு அரை நாளில் போய் வாருங்கள்.

ஸ்டோன்ஹெஞ்ச் கோச்சில் இடம் பிடிக்கும்போது ஓட்டுநர் உட்காரும் பக்கமாக, அதாவது வலது ஜன்னலோரம் பாருங்கள். ஏம்ஸ்பரி தாண்டியதும் ஏ303 சாலைக்கு வலப்புறம் புல்வெளியில் கற்கள் தெரியத் தொடங்கும். அந்த இடத்தில் சாலை நெரிசல் வழக்கம், வண்டி ஊர்ந்துதான் போகும். அப்பா, அம்மாவை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார். தூரத்தில் விரல் அளவில் தெரிந்த கற்களைப் பார்த்து அம்மா கை கூப்பினார்.